வெயில் காய்ச்சிய பாகு

காலையில் சட்னிக்குத் துருவிய தேங்காயில் ஒரு கைப்பிடி மிஞ்சினால், அதை மாலைவரை வெளியே வைக்க யாரும் துணிய மாட்டார்கள். கோடை நாளாக இருந்தால் மதியத்துக்குள்ளேயே புளித்த வாடை வந்துவிடும். அதே சமையலறை அலமாரியில், போன மாதம் வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலம் பாதி பிரித்தபடி கிடக்கும். அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிசைந்து உருட்டினால், கிறிஸ்துமஸ் தட்டில் வைக்கவும், நோன்பு திறக்கும் வேளையில் கொடுக்கவும், தீபாவளிப் பலகாரத்தோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பவும் நல்ல இனிப்பு கிடைத்துவிடுகிறது. பாகு காய்ச்ச வேண்டாம், வேகவைக்க வேண்டாம், சர்க்கரையும் நெய்யும்கூட வேண்டாம்.

செய்து பார்த்தவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வராமல் இருக்காது. கடலை உருண்டைக்கும் எள்ளுருண்டைக்கும் பாகு பதம் தவறினால் உருண்டை பிடிக்காது. இதில் பாகே இல்லையே, எப்படிப் பிடிக்கிறது? இரண்டாவது சந்தேகம் இன்னும் முக்கியமானது. ஒரே செய்முறைதான், ஒரு வீட்டில் இந்த உருண்டை இரண்டு வாரம் அப்படியே இருக்கிறது, இன்னொரு வீட்டில் மூன்றாம் நாளே பூசணம் பூத்துவிடுகிறது. கெடும் தேங்காயும் கெடாத பழமும் ஒன்றாகச் சேரும்போது வெற்றி எதற்கு என்பதை எது முடிவு செய்கிறது?

மரத்திலேயே முடிந்த சமையல்

பேரீச்சை பழமாவதை அரபு நாட்டு விவசாயிகள் நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். பச்சைக் காயாக இருப்பது கிம்ரி. முழு அளவுக்கு வளர்ந்து, மஞ்சளாகவோ சிவப்பாகவோ நிறம் மாறி, கடித்தால் நறுக்கென்று இருப்பது கலால். நுனியிலிருந்து கனிந்து, பழுப்பேறிச் சாறு நிறைந்திருப்பது ருதப். அதுவும் தாண்டி, மரத்தில் தொங்கியபடியே நீர் வற்றித் தோலில் சுருக்கம் விழுந்தது தமர். நம் ஊர்க் கடைகளில் பொட்டலமாகக் கிடைப்பது பெரும்பாலும் தமர்தான். ஜூன், ஜூலையில் தருமபுரிப் பக்கத் தோட்டங்களிலிருந்து கொத்துக் கொத்தாக வரும் மஞ்சள் நிறப் பேரீச்சை, கலால் கட்டத்தில் அறுத்தது.

கலாலில் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும். தமராகும்போது அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த மாற்றத்துக்கு வேண்டியது நீண்ட, மழையே இல்லாத, கொளுத்தும் கோடை. பஸ்ராவிலும் ஓமானிலும் சவூதியின் பாலைச் சோலைகளிலும் அது இருக்கிறது. குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாகப் பேரீச்சை விளைகிறது; ஆனால் அங்கே காய் கனிய வேண்டிய நேரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து நின்றுவிடும். மழை பட்ட பழம் வெடித்து அழுகும். அதனால் கச்சு விவசாயிகள் கலால் கட்டத்திலேயே அறுத்து, காயாகவே விற்கிறார்கள். 2024-இல் புவிசார் குறியீடு பெற்ற ‘கச்சி காரேக்’ அதுதான். வெயில் ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் அதுவும் தமராகியிருக்கும்.

இப்போது நம் வாணலிக்கு வருவோம். பாகு காய்ச்சும்போது நாம் செய்கிற வேலை என்ன? சர்க்கரையையோ வெல்லத்தையோ தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரைத் திரும்ப விரட்டுகிறோம். தண்ணீர் போகப் போகக் கரைசல் கெட்டியாகிறது, கொதிக்கும் வெப்பமும் ஏறுகிறது. தண்ணீரில் போட்டு உருட்டினால் மெத்தென்று உருளும் பதம் வரும்போது பாகு 115 டிகிரி செல்சியஸ் சுற்றளவில் இருக்கும். அதில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரை.

நன்கு முற்றிய தமர் 100 கிராம் எடுத்தால், அதில் சுமார் 65 கிராம் சர்க்கரை, 21 கிராம் தண்ணீர். மற்றது நார், தாதுக்கள், கொஞ்சம் புரதம். சர்க்கரையையும் தண்ணீரையும் மட்டும் தனியாகப் பார்த்தால், பழத்துக்குள் இருப்பது நூற்றுக்கு 75 பங்கு சர்க்கரை உள்ள கெட்டிப் பாகு. தேனில் இது 82 பங்கு. நாம் அடுப்பில் கால் மணி நேரத்தில் செய்கிற வேலையைப் பாலைவன வெயில் பல வாரங்கள் எடுத்துக்கொண்டு, எதையும் தீய்க்காமல் செய்து முடித்திருக்கிறது. ஆகவே இந்த இனிப்பை ‘சமைக்காத இனிப்பு’ என்று சொல்வது முழு உண்மை ஆகாது. சமையல் மரத்திலேயே முடிந்துவிட்டது. நாம் பாகைப் பழத்தோலோடு வாங்கி வருகிறோம்.

மனிதர்கள் இதைக் கண்டுகொண்டு வெகுகாலம் ஆகிறது. இன்றைய சிரியாவில் இருந்த மாரி நகர அரண்மனையின் களிமண் பலகைகளில் ‘மெர்சு’ என்றொரு இனிப்புக்காகப் பேரீச்சையும் பிஸ்தாவும் கொடுத்த கணக்கு இருக்கிறது. அந்த நகரம் அழிந்தே ஏறத்தாழ 3,750 ஆண்டுகள் ஆகின்றன.

இந்தப் பாகு ஏன் உறைவதில்லை?

அடுப்பில் காய்ச்சிய சர்க்கரைப் பாகை அப்படியே ஆறவிட்டால், ஓரத்தில் மணல் மணலாகப் பூத்துவிடும். சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாவதே இதற்குக் காரணம். அப்படிப் பூக்காமல் இருக்க அனுபவசாலிகள் பாகில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள். புளிப்பு, சர்க்கரையை இரண்டாக உடைக்கிறது. சர்க்கரை என்று நாம் சொல்லும் சுக்ரோஸ், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்த இரட்டை. பிரிந்த பிறகு இரண்டு வகை மூலக்கூறுகள் கலந்து நிற்பதால் எளிதில் வரிசை கட்ட முடிவதில்லை. ஃபிரக்டோஸுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஆசையும் அதிகம்.

பேரீச்சையில் இந்த வேலையைப் பழத்தின் நொதி ஒன்று செய்கிறது. உயிரினங்கள் தம் வேலைகளை விரைவுபடுத்த உண்டாக்கிக்கொள்ளும் பொருளே நொதி. கலால் கட்டத்தில் பெரும்பகுதி சுக்ரோஸாக இருப்பது, கனியக் கனிய உடைகிறது. மெஜூல் போன்ற மென்மையான இனங்களில் கடைசியில் சுக்ரோஸ் அநேகமாக மிச்சமே இருக்காது; குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறக்குறையச் சரிபாதி. டெக்லெட் நூர் இனத்திலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுக்ரோஸாகவே தங்கிவிடும். அந்தப் பழம் சற்று விறைப்பாக இருப்பதையும், உருண்டை பிடிக்கக் கூடுதலாகப் பிசைய வேண்டியிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். உருண்டைக்கு மென்மையான இனம்தான் நல்லது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. பழைய பேரீச்சம்பழத்தின் தோலுக்கடியில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பலர் பூசணம் என்று குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பழத்தின் குளுக்கோஸ் படிகமாகிப் பூத்தது. விரலால் தேய்த்தால் பொடிக்கரகரப்பு தெரியும். லேசாகச் சூடுபடுத்தினால் கரைந்து மறையும். பஞ்சு போல மயிர்ப்படலமாக நிற்பதும், முகர்ந்தால் மக்கிய வாடை அடிப்பதும், கறுப்போ பச்சையோ நிறம் காட்டுவதும்தான் பூசணம். குளுக்கோஸ் பூத்த பழத்தைத் தாராளமாகத் தின்னலாம்.

நீர் இருக்கிறது, ஆனால் எட்டவில்லை

பேரீச்சையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். கிருமிகளுக்கு அது குறைவான தண்ணீர் இல்லையே? பிறகு ஏன் கெடுவதில்லை?

உணவு கெடுவதை அதன் ஈரத்தின் எடையை வைத்துக் கணிப்பதுதான் வெகுநாள் வழக்கமாக இருந்தது. 1950களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட், உணவை நஞ்சாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை வெவ்வேறு உணவுகளிலும் கரைசல்களிலும் வளர்த்துப் பார்த்தார். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அதில் எவ்வளவு தண்ணீர் கிருமியின் கைக்கு எட்டும் நிலையில் இருக்கிறது என்பதே வளர்ச்சியை முடிவு செய்கிறது என்று அவர் காட்டினார். சர்க்கரையும் உப்பும் தண்ணீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்கின்றன. இழுபட்ட தண்ணீர் கிருமிக்குப் பயன்படாது. அதற்கும் மேலாக, கெட்டிப் பாகில் விழுந்த பாக்டீரியாவின் உடலுக்குள் இருக்கும் தண்ணீரையே பாகு வெளியே இழுத்துவிடும்.

எட்டக்கூடிய தண்ணீரின் அளவைப் பாடநூல்கள் நீர்ச் செயல்பாடு என்கின்றன. நாம் இந்த அத்தியாயத்தில் ‘தாராள நீர்’ என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான தண்ணீருக்கு இந்த அளவு 1. ஈரமே இல்லாததற்கு 0. மற்ற எல்லா உணவும் இடையில்தான். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருக முடியாது. ஸ்காட் ஆராய்ந்த ஸ்டஃபிலோகாக்கஸ் முரடு. காற்று கிடைத்தால் 0.86 வரை தாக்குப்பிடித்து வளரும். சாதாரணப் பூசணங்கள் 0.80 வரை வரும். வறட்சிக்குப் பழகிய சில பூசணங்களும், சர்க்கரைக்குப் பழகிய சில ஈஸ்ட்களும் 0.61 வரைகூட இறங்கும். அதற்கும் கீழே எதுவும் வளராது.

துருவிய பச்சைத் தேங்காய் 0.98-க்கு மேல். எல்லாக் கிருமிகளுக்கும் திறந்த வீடு. முற்றிய தமர் 0.6-க்கும் 0.7-க்கும் இடையில். விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஈஸ்ட், பூசண வகைகளைத் தவிர வேறெதுவும் அதில் பெருகாது. எல்லாப் பேரீச்சையும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஈரானின் பாம் நகரைச் சுற்றி விளையும் மசாஃபாத்தி, ‘கிமியா’ என்ற பெயரில் கறுப்பாக, மெத்தென்று பெட்டியில் வருகிறதே, அதில் ஈரம் அதிகம். அதைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். அப்படியே சாப்பிட அதைப்போல வேறு பழம் இல்லை. உருண்டை செய்து வெளியே வைக்க அது உதவாது.

ஒரே பழம், மூன்று உருண்டை

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம். அதற்கு ஏறக்குறைய ஒரு மூடித் தேங்காயின் துருவல், 100 கிராம். பேரீச்சையில் 42 கிராம் தண்ணீர், 130 கிராம் சர்க்கரை. பச்சைத் துருவலில் 47 கிராம் தண்ணீர், 33 கிராம் கொழுப்பு, 6 கிராம் சர்க்கரை.

முதல் முறை: பச்சைத் துருவலை அப்படியே கலக்கிறோம். மொத்தத் தண்ணீர் 89 கிராம், சர்க்கரை 136 கிராம். பழத்துக்குள் 75 பங்காக இருந்த பாகு இப்போது 60 பங்காக நீர்த்துவிட்டது. தாராள நீர் தோராயமாக 0.83-இலிருந்து 0.86 வரை ஏறிவிடும். பூசணத்தின் எல்லையைத் தாண்டியாயிற்று. ஸ்டஃபிலோகாக்கஸின் எல்லையில் வந்து நிற்கிறோம். இதுவும் பாகும் துருவலும் ஒன்றோடொன்று முழுக்கச் சமமான பிறகு உள்ள நிலைதான். அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை ஒவ்வொரு துருவல் இழையும் தன் 0.98-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொடுக்கும். அழகுக்காக உருண்டையின் மேலே பச்சைத் துருவலைப் புரட்டி எடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளிப்பூச்சில் உள்ள இழைகள் ஒரு பக்கம் மட்டுமே பாகைத் தொடுகின்றன. மறுபக்கம் காற்றில் இருக்கும் பூசண விதைகளுக்குத் திறந்திருக்கிறது. மூன்றாம் நாள் பூசணம் முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

இரண்டாம் முறை: கடையில் வாங்கிய உலர்ந்த துருவலைத்தான் சேர்க்கிறோம், ஆனால் பழம் விறைப்பாக இருக்கிறதே என்று அதை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கிறோம். 200 கிராம் பழம் 40 கிராம் தண்ணீரைக் குடித்துவிட்டால் மொத்தத் தண்ணீர் 85 கிராம் ஆகிவிடும். பச்சைத் தேங்காய் சேர்த்ததும் இதுவும் ஏறத்தாழ ஒன்றுதான். உலர்ந்த தேங்காய்தானே போட்டேன், ஏன் கெட்டது என்று கேட்பவர்கள் அநேகமாகப் பழத்தை ஊறவைத்தவர்கள். வெயில் வாரக்கணக்கில் விரட்டிய தண்ணீரை நாம் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பழம் இளக வேண்டுமானால் தண்ணீர் தேவையில்லை, சூடு போதும். கொட்டை நீக்கிய பழத்தை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் பாகு இளகிவிடும்; ஈரம் ஏறாது.

மூன்றாம் முறை: 100 கிராம் பச்சைத் துருவலை வெறும் வாணலியில் மெல்லிய தீயில் போட்டு, நிறம் மாறாமல் கிளறிக்கொண்டே இருக்கிறோம். ஆவி அடங்கி, ‘சிர்’ என்ற சத்தம் நின்று, கையில் அள்ளினால் இழைகள் ஒட்டாமல் சலசலவென்று உதிர வேண்டும். அடுக்களையில் சின்னத் தராசு இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை: 100 கிராம் போட்டது 55 கிராமாகக் குறைந்திருக்க வேண்டும். தண்ணீரில் இரண்டு கிராம்தான் மிச்சம். ஈரம் இருக்கும்வரை துருவலின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; ஈரம் தீர்ந்த கணமே சரசரவென்று ஏறிச் சிவக்கத் தொடங்கும். ஆகவே கடைசி இரண்டு நிமிடம் வாணலியை விட்டு நகரக் கூடாது. இப்படி உலர்ந்த துருவலைச் சேர்த்தால் மொத்தத் தண்ணீர் 44 கிராம், சர்க்கரை 136 கிராம். பாகு பழத்துக்குள் இருந்த அதே 75 பங்கில் நிற்கிறது. தாராள நீர் 0.67 பக்கம். வாரக்கணக்கில் கெடாது.

மூன்றிலும் பழம் ஒன்று, தேங்காய் ஒன்று, சுவைகூடப் பெரிதாக மாறாது. நாற்பது, நாற்பத்தைந்து கிராம் தண்ணீர்தான் வித்தியாசம்.

கணக்கோடு கணக்காக இன்னொன்றும் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் முறையில் கிடைக்கும் 255 கிராமை 20 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால், ஒவ்வொன்றிலும் சர்க்கரை பத்து கிராமுக்கு மேல். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்பது உண்மைதான்; சர்க்கரை இல்லாதது என்று பொருளில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பழத்தின் நார் கூடவே போவதால் வெள்ளைச் சர்க்கரையைவிடத் தேவலை, அவ்வளவே.

துருவல் எதற்கு?

பேரீச்சையை மட்டும் பிசைந்து உருட்டினாலும் உருண்டை வரும். ஆனால் கையெல்லாம் பிசுக்கு, தட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தட்டையாகிவிடும். பழத்தின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்த பெக்டின் என்ற பசை, கனியும்போது நொதிகளால் இளகிவிட்டது. பிசையும்போது செல்கள் கிழிந்து, பாகும் அந்த இளகிய பெக்டினும் நாரும் கலந்து கெட்டிக் கூழாகின்றன. ஒட்டும் தன்மை ஏராளம். வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் பலம் போதாது. மண்சுவர் எழுப்பும்போது களிமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதிப்பார்களே, துருவல் இழைகள் இங்கே அந்த வேலையைச் செய்கின்றன. கூழ் எந்தப் பக்கம் வழிய முயன்றாலும் குறுக்கே ஓர் இழை கிடக்கும். உலர்ந்த இழைகள் மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சுவதால் பிசுக்கும் குறைகிறது.

தேங்காயின் எண்ணெய் இதில் இன்னொரு பங்கு வகிக்கிறது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரி வாக்கில் உறையும். மார்கழிக் காலையில் சென்னையில்கூட எண்ணெய்ப் புட்டியில் வெண்மை கட்டுவது இதனால்தான். உருட்டும்போது உள்ளங்கைச் சூட்டில் எண்ணெய் இளகிக் கையில் ஒட்டாமல் காக்கிறது. உருட்டியதைக் குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைத்தால், இழைகளுக்குள் எண்ணெய் உறைந்து உருண்டை இறுகுகிறது. வாயில் போட்டதும் திரும்ப உருகுகிறது. அந்த உருகலுக்காகவே இதைச் சற்றுக் குளிரக் கொடுப்பது என் விருப்பம்.

மிக்ஸியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஓட்டுவது கூடாது. பிளேடு சூட்டிலும் வெட்டிலும் துருவல் எண்ணெயைக் கக்கிவிடும், இழைகளும் பொடியாகிவிடும். எண்ணெய் பாகுக்கும் துருவலுக்கும் இடையே படர்ந்தால் ஒட்டுதல் போய்விடும். பழத்தை மட்டும் விட்டு விட்டுச் சுற்றி எடுத்து, துருவலைக் கையால் சேர்த்துப் பிசைய வேண்டும். ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் அப்போது போடலாம்.

வறட்சி கொல்லாது

தாராள நீர் குறைந்தால் கிருமி பெருகாது என்றேன். சாகும் என்று சொல்லவில்லை. இந்த வேறுபாடு வேகவைக்காத எல்லாத் தின்பண்டத்துக்கும் உயிர்நாடியானது. 1953-இல் ஆஸ்திரேலியாவில் டைஃபாய்டும் சால்மொனெல்லா வயிற்றுப்போக்கும் பரவின. பாப்புவாவிலிருந்து போன உலர் தேங்காய்த் துருவல் அதற்குக் காரணமாக இருந்தது. சில ஆண்டுகளில் இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான துருவலிலும் சால்மொனெல்லா கண்டறியப்பட்டது. துருவல் நன்றாக உலர்ந்துதான் இருந்தது. அதில் கிருமி வளரவில்லை, உயிரோடு காத்திருந்தது. அதன்பின் தேங்காயை உலர்த்துமுன் வெந்நீரிலோ நீராவியிலோ காட்டும் முறை ஆலைகளில் நிலைபெற்றது.

உலர்த்துமுன் என்பதைக் கவனியுங்கள். ஈரமான நிலையில் கிருமி சூட்டுக்குச் சீக்கிரம் சாகும். உலர்ந்தபின் அதே சூட்டைப் பல மடங்கு நேரம் தாங்கும். பச்சைத் துருவலை வாணலியில் வறுப்பதன் பெரிய நன்மை இதில் இருக்கிறது: துருவல் ஈரமாக இருக்கும்போதே ஆவி பறக்கச் சூடேறி, கிருமிகளை முடித்துவிட்டுப் பிறகு உலர்கிறது. மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்த துருவலுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. காய்வதற்குள் நாற்பது டிகிரியில் பல மணி நேரம் ஈரமாகவே கிடக்கும், ஈ மொய்க்கும். வெயிலில் காயவைக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்துவிட்டுப் பரப்புங்கள்.

கையும் அப்படித்தான். ஸ்டஃபிலோகாக்கஸ் நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கிறது. உருட்டியபின் அடுப்பில் ஏற்றப்போவதில்லை என்பதால் கையில் இருப்பது உருண்டைக்குப் போகும், உருண்டையில் இருப்பது வாய்க்குப் போகும். அது உண்டாக்கும் நஞ்சு பிறகு சூடுபடுத்தினாலும் எளிதில் அழியாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த கையால் உருட்டுங்கள். விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருப்பவர் அன்று உருட்ட வேண்டாம்.

மழைக்காலக் காற்று

கடைசியாக ஒன்று. தாராள நீர் 0.67 உள்ள உருண்டைக்கு, ஈரப்பதம் 67 சதவீதம் உள்ள காற்று சமநிலை. காற்று அதைவிட வறண்டிருந்தால் உருண்டை காயும். ஈரமாக இருந்தால் உருண்டை தண்ணீரைக் குடிக்கும். தீபாவளியும் கிறிஸ்துமஸும் வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். கடற்கரை ஊர்களில் அப்போது காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை எளிதாகத் தாண்டும். திறந்த தட்டில் வைத்த உருண்டை முதலில் பிசுபிசுக்கும், பிறகு மேல்தோலில் பூசணத்துக்குத் தேவையான ஈரம் சேரும். பூசணம் தேங்காயின் கொழுப்பை உடைத்து லாரிக் அமிலத்தை விடுவிக்கும்போது நாக்கில் சோப்புச் சுவை தட்டும். அந்தச் சுவை வந்த உருண்டையைத் துடைத்துக்கூட உண்ணக் கூடாது.

முழுக்க ஆறியபின் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, மூடியை இறுக்கி வைத்தால் இந்தக் கவலை இல்லை. குளிர்பெட்டியில் வைத்திருந்தால், எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள்; அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த உருண்டையின்மேல் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும்.

பண்டிகைக்கு யாருக்காவது அனுப்பும்போது டப்பாவின்மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். செய்த தேதி, சேர்த்தது பச்சைத் தேங்காயா வறுத்த தேங்காயா என்ற இரண்டும் அதில் இருக்கட்டும். வறுத்ததென்றால் இரண்டு வாரம் கவலையில்லாமல் வைத்துக்கொள்ளலாம். பச்சையாகச் சேர்த்ததென்றால் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளைக்குள் தின்று தீர்க்கச் சொல்லுங்கள்.